எதிர்பாராத இறக்கம்

ஏற்ற இறக்கப் பாதுகாப்பு வாரியம் என்று ஒன்று இருப்பது திண்டுக்கல்லில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரியவில்லையே என்று வாரியத்துக்கும் வருத்தம் கிடையாது. லிஃப்ட், கிரேன், சரக்குத் தூக்கி என்று கயிற்றில் தொங்கும் சகலத்தையும் வருடத்துக்கு ஒருமுறை பார்த்து, நன்றாகத்தான் தொங்குகிறது என்று சான்றிதழ் கொடுப்பது அதன் வேலை. "ஏறுவது உங்கள் உரிமை, இறங்குவது எங்கள் பொறுப்பு" என்று வாசலில் பித்தளை எழுத்தில் பதித்திருக்கிறார்கள். அலுவலகம் மட்டும் தரைத்தளத்தில் இருக்கிறது. மாடியில் இடம் கொடுத்தும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம், பாதுகாப்பு கருதி.

நாகஜோதி அந்த வாசலை முதலில் மிதித்தது கார்த்திகை மாதத்தில். அவள் புருஷன் பிரபு ஒட்டன்சத்திரத்தில் ஒரு காய்கறி குடோனில் சுமை தூக்கினான். கேரளாவுக்குப் போகும் லாரி வரும்வரை சரக்கை மாடியில் தரம் பிரித்து அடுக்கி வைப்பார்கள். அதற்கென்று ஒரு சரக்கு லிஃப்ட். சுற்றிலும் கம்பி வலை, கீழே ஓர் இரும்புத் தட்டு, மேலே அதைத் தூக்க ஒரு கம்பிக் கயிறு. அங்கே வேலை செய்கிறவர்கள் அதை ரோப்பு என்பார்கள். ஐப்பசியில் ஒருநாள் காலை முருங்கைக்காய்க் கட்டுகளோடு பிரபு அதில் ஏறினான். இரண்டாவது மாடியை நெருங்கும்போது ரோப்பு அறுந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவசியம் இருக்கவில்லை.

அவளுக்கு வாரியத்திடம் வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த ரோப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது ரோப்பு மாட்ட வேண்டும். குடோன்காரர் அறுந்த முனைகளைச் சேர்த்து கிளாம்பு போட்டு இறுக்கி வைத்திருந்தார். நல்ல கம்பெனி ரோப்பு, ஓர் இடத்தில் அறுந்தால் மற்ற இடமெல்லாம் கெட்டுவிடுமா என்பது அவர் கட்சி. இப்போதைக்கு வாரியம் லிஃப்டுக்கு சீல் வைத்திருந்தது. சீலை எடுத்த நிமிஷம் அதே ரோப்பில் ஓட்டுவார். பிரபு செத்ததற்கு இரக்கப்பட்டு அவன் இடத்துக்கு நாகஜோதியின் தம்பி முகேஷ்குமாரை வேலைக்கு எடுத்திருந்தார். அதாவது, அடுத்து அந்தத் தட்டில் ஏறப்போகிறவன் அவள் தம்பி. ரோப்பில் குறை என்று வாரியம் ஒரு வரி எழுதிவிட்டால் புது ரோப்பு மாட்டியே தீர வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஒரு வரிதானே என்று நம்பி பஸ் ஏறினாள். பாவம்.

அந்த ஒரு வரியில் ஒரு சின்னச் சங்கடம் இருந்தது. அந்த ரோப்பு நன்றாக இருக்கிறது என்று அது அறுவதற்குச் சில நாள் முன்னால்தான் வாரியமே எழுதிக் கொடுத்திருந்தது.

வாரியத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒட்டன்சத்திரம் பக்கத்து லிஃப்டுகளை ஆயுத பூஜையன்றுதான் சோதிப்பார்கள். அன்றைக்குத்தான் மெஷினெல்லாம் துடைத்துச் சுத்தமாக இருக்கும், முதலாளிகளும் கடையில் இருப்பார்கள் என்று காரணம் சொல்வார்கள். பொரி, கடலை, வாழைத்தார் என்ற காரணத்தை மட்டும் சொல்வதில்லை. மண்டலப் பாதுகாப்பு அலுவலர் குழந்தைவேலு அன்று பட்டு வேட்டியில் வந்திருந்தார். குடோனில் ரோப்பைத் துடைத்து, கை எட்டுகிற மட்டும் சந்தனம் குழைத்து அப்பி, நடுநடுவே குங்குமம் வைத்திருந்தார்கள். கம்பி பிரிந்து முள் முள்ளாக நின்ற இடத்தில் சந்தனம் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. குழந்தைவேலு ரோப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். விரலில் ஒட்டியதை நெற்றியில் இட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார். சாமி கும்பிட்ட பொருளை நகத்தால் சுரண்டிப் பார்க்க யாருக்குத்தான் மனசு வரும்? பிரபுவோடு மூட்டை தூக்கும் இஷாக், ரோப்பு பிரிந்திருப்பதை முன்னாலேயே பார்த்தவர். அவர் முதலாளியிடம் சொல்ல வாயெடுத்ததற்கு, நல்ல நாளும் அதுவுமாக அபசகுனமாகப் பேசாதே என்று பொரிப் பொட்டலம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

வாரியத்தில் நாகஜோதியை முதலில் எதிர்கொண்டது சிவனம்மாள். கூட்டிப் பெருக்குவதும் டீ வாங்குவதும் அவள் வேலை. வந்த விஷயத்தைக் கேட்டதும் நாகஜோதியைக் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனாள்.

"ஏத்தா, உள்ள போயி விபத்துன்னு மட்டும் சொல்லிப்புடாத. இங்க யாரும் அந்தப் பேச்சே எடுக்க மாட்டாக. எதிர்பாராத இறக்கம்னு சொல்லு. அப்பத்தேன் உக்காரச் சொல்லுவாக."

நாகஜோதி அதைப் பலதடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். உள்ளே போய், என் வீட்டுக்காரருக்கு எதிர்பாராத இறக்கம் ஆகிவிட்டது என்று சொன்னாள். குழந்தைவேலு உட்காரச் சொன்னார். பண்பான மனிதர். அவளுக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார். வாரியம் தொடங்கிய நாளிலிருந்து ஒரே ஓர் இறக்கம்கூட எதிர்பாராமல் நடந்ததில்லை என்றும், இது முதல்முறை என்பதால் மிகுந்த அக்கறையோடு விசாரிப்பார்கள் என்றும் சொன்னார். அக்கறையைக் கேட்டு அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. தம்பிக்கு ஒன்றும் ஆகாது என்று அன்றைக்கு நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்தாள்.

விசாரணை தொடங்கியது. அளவுக்கு மீறிச் சரக்கு ஏற்றியதால்தான் ரோப்பு அறுந்தது என்று வாரியம் முதலில் நினைத்தது. நினைத்ததைச் சாட்சி கேட்பதற்கு முன்பே மார்க்கெட்டில் சொல்லியும்விட்டார்கள். பேராசை பிடித்து ஒரே நடையில் எல்லாவற்றையும் ஏற்றினான் என்று டீக்கடைகளில் பேச்சு. நாகஜோதியின் காதிலேயே விழுந்தது. வாழ்நாள் முழுக்க அடுத்தவன் சரக்கைச் சுமந்த மனுஷனுக்கு எதன்மேல் பேராசை வந்திருக்கும் என்று அவளுக்கு விளங்கவே இல்லை.

மூன்றே கட்டு முருங்கைக்காய்தான் இருந்தது என்று இஷாக் சாட்சி சொன்னார். அந்தக் கட்டுகளை நிறுத்துப் பார்க்க வாரியம் உத்தரவிட்டது. உத்தரவு ஒட்டன்சத்திரம் போய்ச் சேர்வதற்குள் தை பிறந்துவிட்டது. ஆதாரம் என்று கட்டிவைத்த முருங்கைக்காய் விறகாகிவிட்டிருந்தது. ஆனாலும் ஐந்து பேர் கொண்ட குழு ஜீப்பில் வந்து அதைப் பூப்போலத் தூக்கித் தராசில் வைத்து, சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டது. எடை ஒரு குழந்தையின் எடைகூட இல்லை. பச்சையாக இருந்தபோது என்ன எடை இருந்திருக்கும் என்று கணக்குப் பார்த்தும், லிஃப்ட் தாங்கும் அளவில் காலே அரைக்கால்தான் வந்தது. குழு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பியது.

அடுத்த கூட்டத்தில் வேறொரு கேள்வி கிளம்பியது. அது சரக்கு லிஃப்ட். சரக்கு லிஃப்டில் ஆள் ஏறக் கூடாது. அப்படியானால் பிரபு ஆளா, சரக்கா? ஆள் என்றால் அவன் ஏறியதே செல்லாது. செல்லாத ஏற்றத்துக்கு இறக்கம் எப்படி வரும்? சரக்கு என்றால் அது முதலாளியின் சரக்கு. சரக்கு சேதமானதாக முதலாளி எந்தப் புகாரும் கொடுக்கவில்லை. இரண்டு கூட்டம் இதிலேயே ஓடிற்று. கட்டுகளோடு ஆளும் கூடவே ஏறாவிட்டால் மேலே யார் அவற்றை இறக்குவது என்று இஷாக் கேட்டார். அது நிர்வாகம் சம்பந்தப்பட்டது, வாரியத்துக்கு வராது என்றார்கள்.

மாசி போய் பங்குனி வந்தது. நாகஜோதி வந்து வந்து போனாள். ஒவ்வொரு தடவையும் குழந்தைவேலு எழுந்து கும்பிட்டார். ஒவ்வொரு தடவையும் அவள் புது ரோப்பைப் பற்றிக் கேட்டாள். எடை தெரியாமல் ரோப்பைப் பற்றிப் பேச முடியாதம்மா என்று அவர் பொறுமையாக விளக்கினார். எந்த ரோப்பும் தாங்குகிற எடையை வைத்துத்தான் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும். ஆகவே இறக்கத்தின்போது லிஃப்டில் இருந்த எடை எவ்வளவு என்று முதலில் முடிவாக வேண்டும். இதைக் கேட்க வாரியம் ஓர் அறிஞரை அழைத்தது.

அவர் முனைவர் ஆரோக்கியராஜ், கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கெட்டவர் இல்லை. யாராவது கேள்வி கேட்டால் போதும், சந்தோஷத்தில் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறவர். வாரியம் அவரிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டது. லிஃப்ட் விழுந்துகொண்டிருக்கும்போது அதற்குள் இருந்தவரின் எடை என்ன?

இது அருமையான கேள்வி என்றார் அவர். விண்வெளிக்குப் போகிறவர்கள் மிதப்பதை டிவியில் பார்த்திருப்பீர்கள், அங்கே புவியீர்ப்பு இல்லாததால் மிதக்கிறார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள், அது தவறு என்று ஆரம்பித்தார். அவர்கள் சுற்றும் உயரத்தில் பூமியின் இழுப்பு கொஞ்சம்தான் குறைந்திருக்கும். பிறகு ஏன் மிதக்கிறார்கள்? அவர்கள் விழுந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும் விண்கலமும் விழுகிறது, ஆளும் விழுகிறார், இரண்டும் ஒரே வேகத்தில். நமக்கு எடை தெரிவதெல்லாம் தரை நம் காலைத் திருப்பி அழுத்துவதால்தான். தரையும் கூடவே விழுந்தால் அது எப்படி அழுத்தும்? அந்த நேரத்தில் காலுக்கடியில் தராசு வைத்தால் முள் பூஜ்யத்தில் நிற்கும். கயிறறுந்த லிஃப்டிலும் அதேதான். ஆகவே உங்கள் கேள்விக்கு விடை, பூஜ்யம்.

குழந்தைவேலு நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். பூஜ்யமா என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். ஆனால் கயிறு அறும் நொடி வரைக்கும் எடை இருந்ததே, அதை அல்லவா பார்க்க வேண்டும் என்று ஆரோக்கியராஜ் தொடர்ந்தார். அதற்குள் அவருக்குப் பொன்னாடை போர்த்திவிட்டார்கள். கைதட்டலில் மீதி கேட்கவில்லை.

பின்பெஞ்சில் இருந்த நாகஜோதி வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றாள். ஆரோக்கியராஜ் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது அருகில் போனாள். தான் யார் என்று சொன்னாள். அவருக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை. பொன்னாடையை அவசர அவசரமாகக் கழற்றிக் கக்கத்தில் செருகிக்கொண்டார்.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு கேக்கணுங்க. உளுகுறப்ப அவருக்கு எப்படி இருந்திருக்குமுங்க?"

அவர் மற்றச் செருப்பை மாட்டாமலே நிமிர்ந்தார்.

"பாரமே தெரிஞ்சிருக்காதும்மா," என்றார். "கொஞ்ச நேரந்தான். ஆனா அந்தக் கொஞ்ச நேரம் உடம்புல எந்தப் பாரமும் இருந்திருக்காது."

அவள் கும்பிட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். பதினாறு வயதில் மூட்டைக்குத் தோள் கொடுத்தவன் பிரபு. ராத்திரி படுத்தால் தோளில் இன்னும் மூட்டை இருக்கிற மாதிரியே இருக்கிறது என்பான். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கும்போது அவள் கை பட்டாலே சுருங்குவான். சாகிறதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அந்த மனுஷனுக்குத் தோள் லேசாகியிருக்கிறது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ஒட்டன்சத்திரம் வரைக்கும் அழுதாள். கண்டக்டர் டிக்கெட்டைக் கையில் கொடுக்காமல் ஜன்னல் கம்பியில் செருகிவிட்டுப் போனார்.

சித்திரையில் தீர்ப்பு வந்தது. இறக்கத்தின்போது மேற்படி மின்தூக்கியில் எடை ஏதும் இல்லை என்று அறிவியல் பூர்வமாக நிறுவப்பட்டுள்ளது. எடை ஏதும் இல்லாதபோது கயிறு எதையும் தாங்கவில்லை. தாங்காத கயிற்றில் குறை காண விதிகளில் இடமில்லை. ஆகவே கயிறு குற்றமற்றது. இதை வாசித்துக் காட்டியபோது இஷாக்கும் வந்திருந்தார். அவர் கையைக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"அறுந்ததுக்கு அப்பறம் எடை இல்ல, சரிங்க சார். அறுறதுக்கு முன்னாடி இருந்துச்சுல்லீங்க?"

"அறுறதுக்கு முன்னாடி நடந்ததுக்குப் பேர் சேவைப்பா," என்றார் குழந்தைவேலு. "அறுந்த பின்னாடிதான் இறக்கம். எங்க விசாரணை இறக்கத்தைப் பத்தி மட்டும்தான். சேவையில குறைன்னா தனியா மனு குடு. ஆனா சேவை பெற்றவர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்."

இஷாக் நாகஜோதியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். இரண்டு பேரும் எழுந்து வெளியே வந்தார்கள். வாசலில் சிவனம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள்.

தீர்ப்போடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஆனால் ஆவணியில் விண்வெளி நாள் வந்தது. எல்லா அலுவலகங்களும் கொண்டாட வேண்டும் என்று சென்னையிலிருந்து சுற்றறிக்கை. மற்ற அலுவலகங்கள் என்ன செய்வதென்று தெரியாமல் ராக்கெட் கோலம் போட்டன. நம் வாரியத்திடம் மட்டும் சொந்தமாக ஒரு விஷயம் இருந்தது. எடையின்மையை அனுபவித்த ஒரு மனிதன், நம் மண்டலத்துக்காரன், அதுவும் வாரியம் சான்றளித்த லிஃப்டிலேயே. மேலிடத்துக்கு எழுதினார்கள். மேலிடம் மகிழ்ந்தது. கல்யாண மண்டபம் பிடித்து விழா ஏற்பாடானது. நாகஜோதியை அழைத்துப்போக ஜீப் வந்தது. விழாவில் பெரிய அதிகாரிகள் வருவார்கள், ரோப்பு விஷயத்தை நேரிலேயே சொல்லிவிடலாம் என்று ஜீப்பில் வந்தவர் சொன்னதை நம்பி ஏறினாள். ஓணம் நெருங்கிக்கொண்டிருந்தது. சரக்கு குவிகிறது, சீலை எடுங்கள் என்று குடோன்காரர் வாரியத்தை அரித்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அதுதான் கவலை. தம்பியையும் கூட அழைத்துக்கொண்டாள்.

மண்டப வாசலில் ஆளுயர ஃப்ளெக்ஸ். பிரபு விண்வெளி உடையில் நின்றான். கல்யாண போட்டோவிலிருந்து முகத்தை வெட்டி எடுத்து ஹெல்மெட் கண்ணாடிக்குள் வைத்திருந்தார்கள். நெற்றியில் கல்யாணத்தன்று வைத்த பொட்டு அப்படியே இருந்தது. பின்னால் நீலமாகப் பூமி. கீழே, "மண்டலத்தின் முதல் எடையற்ற வீரர்" என்று எழுதி, அதற்கும் கீழே வரிசையாக அலுவலர்களின் முகங்கள், அவனுடையதைவிடப் பெரிதாக. நாகஜோதி அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். அந்தப் போட்டோவில் அவன் சிரித்தது பக்கத்தில் நின்ற அவளைப் பார்த்து. அவளை வெட்டிவிட்டார்கள். முகேஷ்குமார் அவள் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனான்.

விளக்கேற்றினார்கள். வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலையுரை, சிறப்புரை என்று ஆளுக்கு ஆள் எழுந்தார்கள். குழந்தைவேலுவின் உரைதான் எல்லாவற்றுக்கும் சிகரம்.

"நம் வாரியத்தில் இன்றுவரை ஒரு விபத்துகூடப் பதிவானதில்லை," என்றார். "விபத்து நடக்காமல் பார்த்துக்கொள்ள யாராலும் முடியும். நடந்தது விபத்து ஆகாமல் பார்த்துக்கொள்ளத்தான் ஒரு வாரியம் தேவைப்படுகிறது. விண்வெளிக்குப் போகக் கோடிக்கணக்கில் செலவழிக்கிறார்கள். நம் பிரபு ஒரு பைசா செலவில்லாமல், உள்ளூரிலேயே, வேலை நேரத்திலேயே அந்த நிலையை எட்டினார். அதற்கு நம்முடைய கயிறு ஒரு கருவியாக இருந்தது என்பதில் நாம் பெருமைப்பட வேண்டும்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. முன்வரிசையில் இருந்த ஆரோக்கியராஜ் மட்டும் கையை மடியில் வைத்திருந்தார். நாகஜோதியை மேடைக்கு அழைத்தார்கள். அவளுக்குச் சால்வை போர்த்தி, கையில் ஒரு கண்ணாடிப் பூமி உருண்டையைக் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை நீட்டினார்கள். அவள் ரோப்பைப் பற்றிப் பேசத்தான் வந்தாள். ஆனால் உருண்டையைப் பார்த்ததும் பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. ஆரோக்கியராஜைத் தேடிப் பார்த்தாள்.

"ஐயா, மேல இருக்கறவங்களும் உளுந்துட்டேதான் இருக்காங்கன்னு சொன்னீங்க. அவங்களுக்கு மட்டும் ஏனுங்க ஒண்ணும் ஆவறதில்ல?"

ஆரோக்கியராஜ் எழுந்தார். மேடைக்கு வரவில்லை, இருந்த இடத்திலிருந்தே பேசினார். அவர்கள் கீழே மட்டும் விழவில்லையம்மா, பக்கவாட்டிலும் ரொம்ப வேகமாகப் போகிறார்கள். பூமி உருண்டை. அவர்கள் எவ்வளவு விழுகிறார்களோ அவ்வளவு பூமியும் வளைந்து கீழே விலகிப் போகிறது. எவ்வளவு விழுந்தாலும் தரை வந்து சேராது. அதனால்தான் அவர்கள் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்றார். சொல்லி முடிக்கும்போது குரல் தணிந்துவிட்டது. அடுத்து அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"எங்க வீட்டுக்காரருக்குத் தரை வந்துருச்சுங்களே," என்றாள்.

ஆரோக்கியராஜ் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். ரோப்பு என்று அவள் ஆரம்பித்தபோது மைக் கை மாறிவிட்டிருந்தது. நேரமின்மை காரணமாக நேரடியாக நன்றியுரைக்குப் போனார்கள். ஒலிபெருக்கி அமைத்தவருக்கும், பந்தல்காரருக்கும், புவியீர்ப்பு விசைக்கும் நன்றி சொல்லப்பட்டது. மதியச் சாப்பாடு பிரியாணி. நாகஜோதியும் தம்பியும் சாப்பிடாமல் பஸ் பிடித்தார்கள்.

மறுநாள் காலை சீலை உடைக்க உத்தரவு போனது. ஓணத்துக்காக மலையாளத்து லாரிகள் குடோன் வாசலில் வரிசையாக நின்றன. பூசணி, சேனை, முருங்கை என்று சரக்கு தெரு வரைக்கும் கிடந்தது; மாடிக்குப் போய்த் தரம் பிரித்த பிறகுதான் லாரியில் ஏற்ற முடியும். முகேஷ்குமார் முண்டாசு கட்டிக்கொண்டு லிஃப்டின் கதவைத் திறக்கப் போனான். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே தட்டின் நடுவில் நாகஜோதி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, என்னக்கா இது. எந்திரிச்சு வா. மொதலாளி பாக்குறாரு."

"நான் எந்திரிச்சா நீ ஏறுவ."

"ஏறாம என்ன பண்ணச் சொல்ற? எனக்கும் ரெண்டு பிள்ளைக இருக்குக்கா. இந்த வேலையும் போச்சுன்னா?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இன்னும் அழுந்த உட்கார்ந்தாள். அவனும் அதற்குமேல் இழுக்கவில்லை. குடோன்காரர் திட்டிப் பார்த்தார். கெஞ்சிப் பார்த்தார். பெண்பிள்ளையைத் தொட்டு இழுக்க ஆள் அனுப்ப அவருக்குத் துணிச்சல் இல்லை. வாரியத்துக்குப் போன் போட்டார். மதியத்துக்கு முன்னால் குழந்தைவேலுவே ஜீப்பில் வந்து இறங்கினார். முந்தின நாள் மேடையில் பார்த்த மரியாதை குறையாமல் கும்பிட்டார். இது சரக்கு லிஃப்ட், ஆள் உட்காரக் கூடாதம்மா, உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் கயிறு குற்றமற்றது என்று தீர்ப்பே வந்துவிட்டது, ஒரு நாட்டின் வர்த்தகமே நிற்கிறது என்றெல்லாம் சொன்னார். சுமைகாரர்கள் மூட்டைகளின்மேல் சாய்ந்துகொண்டு கேட்டார்கள். நாகஜோதியும் முழுக்கக் கேட்டாள்.

"சரிங்க சார். ரோப்பு நல்லா இருக்குதுன்னு நீங்கதான எழுதியிருக்கீங்க. எங்கூட ஒருக்கா இதுல ஏறி மேல போயிட்டு வாங்க. நான் எந்திரிச்சு ஊட்டுக்குப் போயிர்றேன்."

அவள் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். தட்டு அகலமானது, இன்னொருவர் தாராளமாக உட்காரலாம். குழந்தைவேலு ஒரு கால் எடுத்து வைத்தார். பிறகு நிமிர்ந்து மேலே பார்த்தார். இந்தத் தடவை ரோப்பில் சந்தனம் இல்லை. கிளாம்பும், அதற்கு மேலேயும் கீழேயும் பிரிந்து நின்ற கம்பியும் அவருக்கு நன்றாகவே தெரிந்தன. எடுத்து வைத்த காலை எடுத்துக்கொண்டார். எப்படியும் மேல்மாடியைப் பார்வையிட வேண்டியிருக்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்த படிக்கட்டில் ஏறிப் போனார். மேலே போய் ஜன்னலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், அதே படியில் மூச்சு வாங்க இறங்கி வந்தார்.

அதை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. இஷாக் ஒரு முருங்கைக் கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு படிக்கட்டைப் பார்த்து நடந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். கடைசியாக முகேஷ்குமாரும் ஒரு கட்டைத் தூக்கினான். குடோன்காரர் லாரிக்காரர்களைப் பார்த்தார், அலுவலரைப் பார்த்தார். குழந்தைவேலு ஜீப்பின் பானெட்டில் வைத்தே குறிப்பு எழுதினார். மின்தூக்கி அசைவற்ற நிலையில் உள்ளது. இந்நிலையில் முழுப் பாதுகாப்பானது.

அந்தக் குறிப்பின்மேல் விசாரணை இன்னும் நடக்கிறது. ஓணம் முடிந்து தீபாவளிச் சரக்கும் வந்துவிட்டது. புது ரோப்பு வரவில்லை. நாகஜோதி தினமும் காலையில் முதல் பஸ்ஸில் வந்து, கடைசி லாரி கிளம்பும்வரை தட்டில் உட்கார்ந்திருக்கிறாள். மத்தியானம் இஷாக் சோறு வாங்கி வந்து வைப்பார். சுமையோடு ஆட்கள் படியேறும் சத்தம் மேலே போய்க்கொண்டே இருக்கும். அதில் தம்பியின் காலடி திரும்பி இறங்கி வருவது கேட்ட பிறகுதான் அவள் சோற்றில் கை வைப்பாள். உட்காரும் இடத்தை மட்டும் அவள் ஒருநாளும் மாற்றுவதில்லை. பிரபு விழுந்து கிடந்த இடம் அதுதான்.